மயிலுக்குப் போர்வை, கன்றுக்குக் கயிறு: புதுமனையும் வளர்ப்புயிர்களும் கைச்சீரும்

புதிய வீட்டில் குடியேறும் சடங்குக்கு அழைப்பிதழ்களில் இரண்டு பெயர்கள் உண்டு. சிலர் 'புதுமனை புகுவிழா' என்றும் சிலர் 'கிரகப்பிரவேசம்' என்றும் அச்சிடுவார்கள். வாய்ப்பேச்சில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: 'பால் காய்ச்சுறாங்க.' திண்டுக்கல்லுக்குத் தென்மேற்கே, கீழ்ப்பழனி மலையடிவாரத்தில், காமராசர் நீர்த்தேக்கத்தோடு சேர்த்துப் பெயர் சொல்லப்படும் ஆத்தூரில் (சேலத்து ஆத்தூர் வேறு) இன்றும் பலரும் சொல்வது இதைத்தான். அழைப்பிதழ்ப் பெயர்கள் மனையைப் பற்றியும் அதனுள் புகும் மனிதரைப் பற்றியும் பேசுகின்றன. மூன்றாவது பெயர் மட்டும் ஒரு விலங்கை நினைவூட்டுகிறது. அடுப்பில் முதலில் பொங்குவது பசு தந்த பால். ஆக, புதுவீட்டுக்கு வந்து சேரும் முதல் அன்பளிப்பு, தொழுவத்தில் நிற்கும் ஓர் உயிர் தந்தது.

அந்த உயிர்தான் வாசற்படியையும் முதலில் தாண்டுகிறது. பசுவும் கன்றும் நுழைந்த பின்னரே வீட்டுக்காரர் நுழைவார். பசுவுக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டி, அகத்திக்கீரையும் வாழைப்பழமும் ஊட்டுவார்கள். பிறகு உற்றார் கொண்டுவந்த சீர் வீட்டுக்காரர் கைக்குப் போகும். விலங்குக்கும் அதை வளர்ப்பவருக்கும் ஒரே நாளில், ஒரே வாசலில் கொடை நிகழ்கிறது. இந்த இரட்டைக் கொடையின் வரலாற்றையே இக்கட்டுரையில் நாம் பார்க்க முயல்கிறோம். கடையில் வாங்கியவற்றை விட்டுவிட்டு, கைப்படச் செய்து கொடுத்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பேகனின் போர்வை

விலங்குக்கும் பறவைக்கும் கொடை என்றதும் தமிழ் படித்தவர் நினைவில் முதலில் நிற்பவன் வையாவிக் கோப்பெரும்பேகன். அவன் நம் மண்ணுக்காரன் என்பதை நாமே மறந்துவிடுகிறோம். ஆவியர் குடியின் தலைவனான அவனுடைய ஊரைச் சங்க நூல்கள் பொதினி என்கின்றன. அது இன்றைய பழனி. ஆத்தூரின் மேற்கே தெரியும் மலைகளும் அதே மலைத்தொடரைச் சேர்ந்தவையே. குளிரில் மயில் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்தவன் என்பது அவனைப் பற்றிய செய்தி. சிறுபாணாற்றுப்படை கடையெழு வள்ளல்களை வரிசைப்படுத்தும்போதும் அவனுக்கு அந்த ஒரு செயலையே அடையாளமாகத் தருகிறது.

இப்பாடல்களை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் ஒரு வினா எழுப்புவதுண்டு: மயில் அந்தப் போர்வையை என்ன செய்தது? கேலியாகக் கேட்டாலும் அது நேர்மையான வினா. அதைப் பரணரே முன்கூட்டி எண்ணிவிட்டார். மயில் உடுத்தப் போவதில்லை, போர்த்தப் போவதில்லை என்று தெரிந்தேதான் பேகன் கொடுத்தான் என்பது புறநானூற்று 141ஆம் பாடலில் அவர் சொல்லும் செய்தி. மறுமைப் பயனுக்காக அவன் கொடுக்கவில்லை, பிறர் இன்மையைப் பார்த்துக் கொடுத்தான் என்று அவர் முடிக்கிறார். அதாவது, பயன்படாத கொடை என்பது புலவருக்குத் தெரியும். பயனைக் காட்டிலும் இரக்கத்தை அவர் உயர்த்திப் பாடினார்.

பேகனைப் பற்றிய கதை அதோடு நிற்கவில்லை. மயிலுக்கு இரங்கியவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான். (சிலம்பின் கண்ணகி வேறு.) புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்களில் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்னும் நால்வர் அதைப் பாடுகிறார்கள். பரிசில் வேண்டிச் சென்றவர்கள் பொன்னையும் பொருளையும் கேட்கவில்லை. நீ உன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும், அதுவே எமக்குத் தரும் பரிசில் என்று கேட்டார்கள். மயிலுக்கு இரங்கிய உள்ளம் மனையாளுக்கும் இரங்கவேண்டும் என்பதே அவர்கள் வழக்கு. விலங்குக்குச் செய்யும் அன்பையும் வீட்டாருக்குச் செய்யும் அன்பையும் இரண்டாகப் பிரிக்க அப்புலவர்கள் மறுத்தார்கள். நம் பொருளுக்கு இது முதற் சான்று.

வீடு யாருடையது?

பழந்தமிழ் இலக்கியத்தில் வீடு என்பது மனிதர் மட்டும் தங்கும் இடமாக இருந்ததில்லை. தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, வழியில் வரும் குடியிருப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டிச் செல்கிறது. ஆயர் குடிலைச் சொன்னால் ஆட்டுப் பட்டியும் கூடவே வருகிறது. அந்தணர் வீட்டைச் சொல்லும்போது, முன்னே குட்டைக் கால்களை நட்டுப் போட்ட பந்தலில் கன்று கட்டியிருக்கிறது. அதே இடத்தில் வேறொரு குறிப்பும் உண்டு. அந்த வீட்டை நாயும் கோழியும் நெருங்குவதில்லை என்கிறார் புலவர். ஒரு வீட்டில் நாயும் கோழியும் இல்லை என்பதைத் தனித்துச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், மற்ற வீடுகளில் அவை இருப்பது இயல்பாக இருந்தது என்று கொள்வதில் தவறில்லை.

முல்லைப்பாட்டிலும் கன்று வருகிறது. தலைவன் திரும்புவானா என்று அறிய முதுபெண்டிர் விரிச்சி கேட்கப் போகிறார்கள். அவர்கள் காதில் விழுவது, தாயைக் காணாமல் வாடும் கன்றுக்கு ஆயர் மகள் சொல்லும் ஆறுதல் மொழி. தாய் வந்துவிடும் என்று கன்றுக்குச் சொன்ன சொல்லே, தலைவன் வந்துவிடுவான் என்று தலைவிக்கான நற்சொல்லாகிறது. தொழுவத்தில் நடப்பது வீட்டுக்குள்ளும் பலிக்கும் என்ற நம்பிக்கை இது. பசுவை முதலில் உள்ளே விடும் இன்றைய சடங்கின் உட்பொருளும் இதற்கு நெடுந்தொலைவில் இல்லை.

பிற்காலத்து அற நூல் மரபிலும் இந்தப் போக்கு தொடர்கிறது. யாரும் செய்யக்கூடிய எளிய அறமாகப் பசுவுக்கு ஒரு வாய்ப் புல் கொடுப்பதைத் திருமூலர் வைக்கிறார். முப்பத்திரண்டு அறங்களின் பட்டியலில் பசுவுக்கு வாயுறையும் இருக்கிறது, ஆவுரிஞ்சு தறியும் இருக்கிறது. ஆவுரிஞ்சு தறி என்பது மாடு தன் உடலை உராய்ந்து தினவு தீர்த்துக்கொள்வதற்காக நட்டு வைக்கும் கல் அல்லது கட்டை. யாழ்ப்பாணத்தில் கேணியையும் தண்ணீர்த் தொட்டியையும் அடுத்து இத்தகைய ஆவுரிஞ்சிக் கற்களை இன்றும் காணலாம். மாட்டுக்குத் தன் முதுகைத் தானே சொறிந்துகொள்ள முடியாது என்பதைக் கவனித்த ஒருவரால்தான் இப்படி ஒரு கொடையை எண்ணியிருக்க முடியும். பேகனின் போர்வை இரக்கத்திலிருந்து பிறந்தது. ஆவுரிஞ்சு கல்லுக்கு இரக்கத்தோடு கவனிப்பும் வேண்டியிருந்தது. இந்த வேறுபாட்டை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

கயிறும் பஞ்சாரமும்

உழவர் குடும்பங்களில் பெண்ணின் பிறந்த வீட்டுச் சீரில் பசுவும் கன்றும் இடம்பெறுவதுண்டு. நாயும் சீராகப் போனதாகத் தென்மாவட்டங்களில் ஒரு பேச்சு உண்டு. கன்னி என்னும் வேட்டை நாயினத்துக்கு அப்பெயர் வந்ததே, மணப்பெண்ணோடு புகுந்த வீட்டுக்கு அனுப்பப்பட்டதால்தான் என்று ஒரு பெயர்க்காரணம் சொல்வார்கள். அதன் மெய்ம்மை எப்படியிருப்பினும், புதுவீட்டுக்குத் துணையாக ஓர் உயிரை அனுப்புவது மக்களுக்கு இயல்பாகத் தோன்றியிருக்கிறது என்பதை அக்கதை காட்டுகிறது.

மாடு கைமாறும்போது பழைய கயிற்றைக் கழற்றிப் புதுக்கயிறு பூட்டுவது சந்தைகளில் வழக்கம். மாட்டுப் பொங்கலுக்கும் புதுக்கயிறு வேண்டும். ஆகவே கயிறு திரிக்கத் தெரிந்த கை ஒவ்வொரு ஊரிலும் தேவைப்பட்டது. தேங்காய் நாரும் கற்றாழை நாரும் புளிச்சை நாரும் கயிறாயின. நாரை ஊறவைத்து, தட்டி, அலசி, சிக்கெடுத்து, புரியாக முறுக்கி, புரிகளை எதிர்ப்பக்கம் முறுக்கி இணைக்க வேண்டும். முறுக்கு தளர்ந்தால் கயிறு பிரியும், மிகுந்தால் விறைத்துக் கழுத்தை அறுக்கும். மூக்கணாங்கயிற்றுக்கு வழவழப்பு வேண்டும், கன்றின் கழுத்துக்கு மென்மை வேண்டும், ஏர் மாட்டின் தலைக்கயிற்றுக்கு உரம் வேண்டும். எந்த மாட்டுக்கு என்று தெரியாமல் நல்ல கயிறு திரிக்க இயலாது. அத்துடன், கயிற்றின் ஒரு முனை மாட்டின் கழுத்தில் இருந்தால் மறுமுனை வளர்ப்பவர் கையில் இருக்கிறது. விலங்குக்கும் உரியவருக்கும் சேர்த்துச் செய்யும் அன்பளிப்புக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை எண்ணிப் பார்க்க முடியவில்லை.

கயிற்றோடு சேர்த்துச் சொல்லத்தக்கவை இன்னும் உள்ளன. கோழியையும் குஞ்சுகளையும் கவிழ்த்து மூடும் மூங்கிற்சிம்புப் பஞ்சாரம், கன்று மண் தின்னாதிருக்க வாயில் கட்டும் சிறு கூடை, கழுத்துக்கு மணி கோத்த தோல் வார், நெற்றிக்கு வண்ண நூலில் பின்னிய பட்டம், நெட்டி மாலை எனப் பட்டியல் நீளும். தோல் பதனிடும் தொழில் நெடுங்காலம் நடந்த திண்டுக்கல்லில் வாருக்குப் பஞ்சமில்லை. தை பிறக்கும்போது வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டும் காப்பு, வீட்டுக் கூரையிலும் செருகப்படுகிறது, மாட்டுக் கொட்டத்திலும் செருகப்படுகிறது. இரண்டுக்கும் ஒரே கட்டு. அவை இரு வீடுகள் என்ற எண்ணமே அங்கு இல்லை.

கயிறு அறுந்த கதை

இந்தக் கைவேலை ஏன் மறைந்தது? 'நாகரிகம் கெடுத்தது' என்று பொதுவாகப் புலம்புவதில் பயனில்லை. காரணங்களைத் தனித்தனியே சொல்லலாம்.

திண்டுக்கல் சமவெளி கிணற்றுப் பாசனத்தை நம்பிய நிலம். கமலையில் நீர் இறைக்க மாடும் வேண்டும், வடமும் வேண்டும், தோலும் வேண்டும். 1950களுக்குப் பின் கிணறுகளில் மின்மோட்டார் பரவியது. அடுத்த தலைமுறையில் டிராக்டர் வந்தது. இரண்டும் சேர்ந்து காளையின் வேலையைப் பறித்தன. காளை போனபோது கயிறு திரிப்பவரின் வேலையும் போயிற்று. மீந்த தேவையை நைலான் கயிறு நிரப்பியது. அது மலிவு, மழைக்கு மக்காது. ஆனால் இழுத்துக் கட்டினால் கழுத்தையும் மூக்கையும் அறுத்துப் புண்ணாக்கும்.

அடுத்து வீடு மாறியது. திண்ணையும் கொட்டமும் கொண்ட ஓட்டு வீடுகள், மனை அளவு சுருங்கச் சுருங்கக் காங்கிரீட் வீடுகளாயின. மாடு நிற்க இடமில்லாத வீட்டுக்கும் பசு நுழையும் சடங்கு மட்டும் தேவைப்பட்டது. விளைவாக, பசு இப்போது வாடகைக்கு வருகிறது. வழவழப்பான தரை ஓட்டில் குளம்பு வழுக்க, மேளச் சத்தத்தில் மிரள, சில நிமிடங்கள் நின்றுவிட்டுத் திரும்புகிறது. நகரத்து அடுக்ககங்களில் பெரும்பாலும் தரைத்தளத்தோடு அதன் பணி முடிகிறது. சில வீடுகளில் உலோகத்தாலான பசு-கன்றுப் பதுமையே போதுமென்றாகிவிட்டது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. ருசியாவில் புதுவீட்டு வாசலைப் பூனை முதலில் தாண்டவேண்டும் என்பது பழைய நம்பிக்கை. 2014ஆம் ஆண்டில் அந்நாட்டின் ஸ்பெர்பேங்க், வீட்டுக்கடன் வாங்கியோருக்கு விளம்பர உத்தியாகப் பூனையை அனுப்பிவைக்க முன்வந்தது. பூனை வந்து, வாசலைத் தாண்டி, படமெடுத்துக்கொண்டபின் திரும்பிப் போய்விடும். நம்மூர் வாடகைப் பசுவுக்கு உறைபனி நாட்டில் ஓர் உடன்பிறப்பு. குடியிருக்க வந்த உயிர் இரண்டு இடங்களிலும் விருந்தாளியாகிவிட்டது. குடியிருப்பவருக்குச் சீர் செய்வார்கள், வந்துபோகும் விருந்தாளிக்கு ஒருவேளை உணவோடு சரி.

அறியாத கொடை

அந்த ஒருவேளை உணவிலும் அறிவு குறைந்துவருகிறது என்பதே நாம் கவலையோடு சொல்ல விரும்புவது. பசுவின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. முதலறையில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லையும் வைக்கோலையும் செரிக்கப் பழகியவை. அங்கே திடீரென்று சோறும் சர்க்கரைப் பொங்கலும் வெல்லமும் பழமும் மிகுதியாகப் போனால், அவை விரைந்து புளித்து அமிலம் பெருகுகிறது. மாடு அசைபோடுவதை நிறுத்தும், வயிறு உப்பும், கடுமையானால் இறந்தும் போகும். மாட்டுப் பொங்கலை ஒட்டிக் கால்நடை மருத்துவர்கள் இந்த எச்சரிக்கையைத் தவறாமல் சொல்லிவருகிறார்கள். விழாவுக்கு வந்த ஒவ்வொருவரும் புண்ணியம் கருதி ஒரு கைப்பிடி ஊட்டினால், அத்தனை கைப்பிடிகளும் சேர்வது ஒரே வயிற்றில். திருமூலர் சொன்னது ஒரு வாய்ப் புல். நாம் அதைப் பல கைப் பொங்கலாக மாற்றிவிட்டோம்.

பிற வளர்ப்புயிர்களுக்கும் இது பொருந்தும். பால் காய்ச்சிய வீட்டில் பூனைக்கு ஒரு கிண்ணம் வைப்பது அன்பாகத் தோன்றும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கே மிஞ்சும். நாய்க்குச் சாக்லேட்டும் திராட்சையும் வெங்காயமும் நஞ்சு. பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சையும் அதில் அடக்கம். பேகனின் போர்வையால் மயிலுக்குக் கேடு ஏதும் விளைந்திருக்காது. இன்றைய அறியாத கொடை உயிரையே எடுக்கக்கூடும். இரக்கம் மட்டும் போதுமா என்று மாணவர்கள் கேட்கும் வினாவுக்கு இங்கே வேறொரு கனம் கூடுகிறது.

மீண்டும் கைச்சீர்

கமலையையும் ஏர் மாட்டையும் திரும்பக் கொண்டுவர யாராலும் இயலாது, அப்படி ஓர் ஆசையும் நமக்கில்லை. ஆனால் கயிறு திரித்தவரின் கவனிப்பை மீட்க முடியும். இன்றைய வீடுகளில் மாடு இல்லாவிட்டாலும் நாயும் பூனையும் இருக்கின்றன. நண்பர் வீட்டுக் குடிபுகும் நாளில் அவற்றுக்கு என்ன தேவை என்று சற்றே எண்ணிப் பார்த்தால் போதும்.

பசு நுழையும் வீடாக இருந்தால், நாலைந்து கோணிச் சாக்குகளைப் பிரித்து நீளமாகத் தைத்து, வாசலிலிருந்து கூடம் வரை விரிக்கக் கொடுக்கலாம். குளம்பு வழுக்காது, பிறகு மிதியடியாகவும் உதவும். பொங்கலுக்கு மாற்றாக அகத்திக்கீரையும் பசும்புல்லும் அளவாகக் கட்டிக்கொண்டு போகலாம், கட்டுவதற்கு வாழைநார் போதும், பிளாஸ்டிக் பை வேண்டாம். நாய்க்கும் பூனைக்கும் புதுவீடு என்பது அச்சம் தரும் இடம், அங்கே அவற்றுக்குத் தெரிந்த வாசனை எதுவுமில்லை. சின்னாளப்பட்டிச் சுங்குடி போன்ற பழைய பருத்திச் சேலையை மடித்து, நடுவே பழந்துணி வைத்துத் தைத்தால் நல்ல படுக்கையாகும். அந்தச் சேலை வீட்டுக்காரர் உடுத்திப் பழகியதாக இருந்தால் இன்னும் சிறப்பு. புதுத்துணியில் இல்லாத ஒன்று, பழகியவரின் வாசனை, அதில் இருக்கிறது. பூனை பழைய வீட்டைத் தேடி ஓடிவிடும் இயல்புடையது. அதைச் சில நாள் ஓர் அறையில் வைத்துப் பழக்க அப்படுக்கை துணை செய்யும். நாய்க்கு மெல்லிய பருத்திக் கயிற்றில் கழுத்துப்பட்டை பின்னி, உரியவரின் பேசி எண்ணைத் துணியில் தைத்துக் கொடுக்கலாம். புது ஊரில் வழிதவறினால் அதுவே அதன் முகவரி.

வளர்ப்பவருக்கோ, கையால் தைத்த சிறு குறிப்பேடு ஒன்று. வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட நாள், அடுத்துப் போடவேண்டிய நாள், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தின் பெயர், தமிழகத்தில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கும் 1962 என்ற எண் ஆகியவற்றை எழுதிக் கொடுத்தால், சுவர்க் கடிகாரங்களின் குவியலில் அது தனித்து நிற்கும்.

இவையெல்லாம் பெருஞ்செலவு பிடிப்பவையல்ல. பெறும் உயிரின் உடலையும் அச்சத்தையும் சற்று நேரம் எண்ணிப் பார்க்கவேண்டும், அவ்வளவே. பூட்டுக்குப் பெயர்போன திண்டுக்கல்லில் (2019இல் அப்பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது) கதவைத் திறந்து முதலில் ஒரு பசுவை உள்ளே விடும் வழக்கம் இன்னும் நின்றுவிடவில்லை. அந்தக் கதவு சில நிமிடங்களுக்கு மட்டும் திறக்கிறதா, உள்ளே ஓர் இடமும் ஒதுக்கித் திறக்கிறதா என்பதில்தான் சடங்கும் கொடையும் வேறுபடுகின்றன. மயிலுக்கு இரங்கிய பேகனிடம் புலவர்கள் கேட்ட பரிசில், அவன் தன் வீட்டுக்குத் திரும்புவது ஒன்றே. விலங்கின்மேல் கொண்ட அன்பு வீட்டுக்குள்ளும் வந்து சேரவேண்டும் என்றார்கள் அவர்கள். வாடகைப் பசுவை அவிழ்த்து அனுப்பும் நம் வாசல்களிலும் அக்கோரிக்கை இன்னும் நிறைவேறாமல் நிற்கிறது.